கடதாசிப் புருசன்

என் தம்பி பாலசிங்கத்துக்கு நாற்பது வயது வரைக்கும் ஒரு பெண்ணும் சரிவரவில்லை. சரிவந்த ஒருத்திக்கு ஏற்கெனவே ஒரு புருசன் இருந்தான். இப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் வேறு மாதிரி நினைப்பார்கள். அதனால்தான் முதலில் இருந்து சொல்கிறேன். நேசமலருக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று என்னைப்பற்றி வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். சொல்லட்டும். நடந்ததைப் பூசி மெழுகிச் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. இந்தக் கதையில் வெட்கப்பட வேண்டியவள் நான்தான் என்றாலும் இல்லை.

அந்த ஒருத்தி ஜெனிதா. அவள் முதன்முதலில் டென்மார்க்கில் நாங்கள் இருக்கிற இக்காஸ்ட் ஊருக்கு வந்தது எங்கள் சபையின் வான் வண்டியில். ஞாயிற்றுக்கிழமைகளில் அகதி முகாமில் இருக்கிற பிள்ளைகளை ஆராதனைக்கு ஏற்றிக்கொண்டு வருவது தம்பியின் ஊழியம். அவன் ஓகூஸ் நகரத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை. சனிக்கிழமை வேலை முடிந்து என் வீட்டுக்கு வந்து, அடுத்தநாள் விடிய வானை எடுத்துக்கொண்டு போவான். இரண்டாயிரத்து ஏழு மாரிக் குளிரில் அவள் வானின் பின் ஆசனத்தில், யாரோ கொடுத்த பெரிய ஜாக்கெட்டுக்குள் காணாமல் போய் உட்கார்ந்திருந்தாள். அடுத்த வருடம் வெயில் வந்தபோது முன் ஆசனத்துக்கு வந்துவிட்டாள். நான் கண்டும் காணாததுபோல் இருந்தேன். உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு சந்தோசம்.

அவளுடைய அகதிக் கேஸ் ஒருமுறை ரிஜெக்ட் ஆகி மேன்முறையீட்டில் கிடந்தது. தீர்ப்பு வரும்வரை நாட்டில் இருக்கலாம் என்று ஒரு துண்டு கொடுத்திருந்தார்கள். அந்தத் துண்டு கிழிந்து, பிளாஸ்டிக் உறைக்குள் போய், வருடக்கணக்காக அவளுடைய கைப்பையிலேயே இருந்தது. ஊரில் சண்டை நடந்தபடியால் ஒருவரையும் திருப்பி அனுப்பவும் இல்லை, இரு என்று சொல்லவும் இல்லை. அவளுடைய வழக்கறிஞர், ஒரு டெனிஷ்காரி, ஒரு வழி சொன்னார். அந்தத் துண்டு செல்லுபடியாக இருக்கும்போதே விசேட அனுமதி கேட்டுத் தம்பியோடு கலியாணத்தைப் பதிந்தால், டெனிஷ் பிரஜையின் மனைவி என்று விசாவுக்கு எழுதிப் பார்க்கலாம். ஆனால் இரண்டு பேருக்கும் இருபத்துநாலு வயது முடிந்திருக்க வேண்டும். தம்பிக்கு அது முடிந்து பதினாறு வருடம். அவளுக்கு இரண்டாயிரத்து ஒன்பது மார்ச்சில்தான் முடியும்.

அந்தப் பிறந்தநாளுக்கு நான் காத்திருந்ததுபோல் என் மகள் ஹன்னாவின் பிறந்தநாளுக்குக்கூடக் காத்திருந்ததில்லை. கேக் நானே அடித்தேன். கேக்கை வெட்டி, தேத்தண்ணி குடித்து, மேசையைத் துடைத்துவிட்டு விண்ணப்பப் படிவத்தை விரித்தோம். பெயர், பிறந்த இடம் எல்லாம் எழுதினாள். மணமானவரா, மணமாகாதவரா என்று கேட்ட இடத்தில் பேனையை வைத்துவிட்டாள்.

“அக்கா, நான் கலியாணம் கட்டின ஆள்,” என்றாள்.

தம்பியைப் பார்த்தேன். அவன் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்படியென்றால் அந்த மண்டைக்குத் தெரியும்.

அவள் சொன்னது இதுதான். இரண்டாயிரத்து ஆறு தொடக்கத்தில் வன்னியில் வீட்டுக்கு ஒரு ஆள் இயக்கத்துக்கு வரவேண்டும் என்று பிடித்துக்கொண்டிருந்தார்கள். இவள் ஒற்றைப் பிள்ளை. கலியாணம் கட்டினவர்களை விட்டுவிடுகிறார்கள் என்று கதை வந்தவுடன் வீட்டுக்கு வீடு அவசரக் கலியாணம். பக்கத்து வளவில் கமலாதேவி என்று ஒரு மனுசி, புருசன் இல்லாதவர், ஒரே மகன். பெயர் கேதீஸ்வரன். அவனுக்கும் அதே பயம். இரண்டு வீடும் கதைத்து, இரண்டு பேரையும் பதிவுகாரரிடம் கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்து வைக்க வைத்தார்கள். தாலி இல்லை, மோதிரம் இல்லை, செபம் இல்லை. வெளியே வந்து கடையில் தேத்தண்ணி குடித்துவிட்டு அவன் அவன் வீட்டுக்குப் போனான், இவள் இவள் வீட்டுக்கு வந்தாள். மூன்று மாதத்தில், கொழும்பில் வைத்தியம் என்று சொல்லி, மணமான பெண் என்று இயக்கம் கொடுத்த பாஸில் வன்னியை விட்டு வெளியே வந்தாள். பாதை பூட்டுவதற்கு முன் வந்த கடைசி ஆட்களில் இவளும் ஒருத்தி. அங்கிருந்து மாமன் ஒருவர் ஏஜென்சிக்காரனிடம் பிடித்துக் கொடுத்து, டென்மார்க்.

இதை இவ்வளவு நாளாக ஏன் சொல்லாமல் மறைத்தாய் என்று நான் போட்ட சத்தத்தில் மேல் வீட்டுக்காரன் நிலத்தில் தட்டினான். அவள் மறைக்கவில்லையாம். முதல் விசாரணையிலேயே எல்லாம் சொல்லியிருக்கிறாள். அவளுடைய கேஸே அதுதான். ஆள் பிடித்தார்கள், தப்புவதற்காகக் கள்ளமாய்ப் பதிந்தேன், அங்கே போனால் ஆபத்து என்று.

“ஆள் பிடிச்சதை அவை நம்பேல்லை அக்கா. கலியாணத்தை மட்டும் நம்பிட்டினம்,” என்றாள்.

தம்பி அப்போதுதான் வாய் திறந்தான். பொய்க் கலியாணம்தானே, அது கணக்கில் வராது என்று நினைத்தானாம். இருபது வருடம் இந்த நாட்டில் இருந்தவன் சொல்கிற கதையா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மீதிக் கேக்கை அப்படியே குப்பையில் போட்டேன்.

வழக்கறிஞர் தெளிவாகச் சொல்லிவிட்டார். பதிந்தது பதிந்ததுதான். ஒன்று விவாகரத்துப் பத்திரம் வேண்டும், இல்லாவிட்டால் புருசனுடைய மரணச் சான்றிதழ் வேண்டும். விவாகரத்து என்றால் அவனைக் கண்டுபிடித்து அறிவித்தல் கொடுக்க வேண்டும். மார்ச் மாதம் அவனை எங்கே போய்க் கண்டுபிடிக்கிறது? கடலுக்கும் களப்புக்கும் நடுவில் ஒரு துண்டு மணலுக்குள் முழு வன்னியும் ஒதுங்கிக் கிடந்த நேரம். அதோடு அவன் வீட்டிலும் இல்லை. இவள் வெளிக்கிட்டு ஒரு வருடத்தில், கலியாணம் கட்டினவன் என்றால் பெண்சாதி எங்கே என்று கேட்டு அவனை இயக்கம் கொண்டுபோய்விட்டது. தாய் அதைக் கடிதத்தில் எழுதியிருந்தார். அதைச் சொல்லும்போது ஜெனிதா என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏப்ரலும் மேயும் நாங்கள் எப்படி இருந்தோம் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ரீவி நிற்பாட்டவே இல்லை. கொப்பன்ஹேகனுக்குப் பஸ் பிடித்துப் போய்த் தெருவில் நின்று கத்தினோம். வேலையிடத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டு நிற்கும்போதே கண்ணீர் வடியும். சபையில் வெள்ளி தோறும் உபவாச செபம். அவரவர் தங்கள் ஆட்களின் பெயரைத் துண்டில் எழுதிக் கொடுக்க, பாஸ்டர் ஒவ்வொன்றாக வாசித்துச் செபிப்பார். ஜெனிதாவின் தாய் தகப்பன் முதலே வவுனியாவுக்கு வந்துவிட்டபடியால் அவளுடைய துண்டில் ஒரு பெயர்தான் இருக்கும். கேதீஸ்வரன். பாஸ்டர் அதை வாசிக்கும்போது எல்லாரும் ஆமென் சொல்வார்கள். நானும் சத்தமாய்த்தான் சொல்வேன். ஆனால் முழங்காலில் நின்று நான் கேட்டது வேறு. அந்தப் பொடியன் செத்துவிட வேண்டும், அதுவும் மரணத் துண்டு எடுக்கக்கூடிய மாதிரிச் சாகவேண்டும் என்று கேட்டேன். முகம்கூடத் தெரியாத ஒருவனுக்காக அப்படிக் கேட்டேன். கேட்டுவிட்டு எழும்பி வந்து எல்லாருக்கும் கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன்.

மே பதினெட்டாம் திகதி எல்லாம் முடிந்தது. வேலையிடத்தில் ஒரு டெனிஷ்காரி வந்து, உங்கள் நாட்டில் சண்டை முடிந்துவிட்டதாமே, இனிச் சந்தோசம்தானே என்று கேட்டாள். நல்ல மனுசி, பிழை சொல்லக்கூடாது. நான் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்துவிட்டு வந்தேன். ஜூன் மாதம் வழக்கறிஞரின் கடிதம் வந்தது. போர் முடிந்துவிட்டபடியால் நிறுத்தி வைத்த இலங்கைக் கேஸ்களைத் திரும்ப எடுக்கிறார்கள், ஜெனிதாவின் முறை செப்டம்பர் கடைசியில் வரும் என்று. சண்டை நடந்தவரைக்கும் அவளை இங்கே வைத்திருந்தது அந்தச் சண்டைதான். அதுவும் போய்விட்டது.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஜெனிதாவின் போன் அடித்தது. வவுனியா முகாமுக்குள் இருந்து கமலாதேவி. யாரோ ஒளித்து வைத்திருந்த போனில் ஒரு நிமிடம் கதைத்துவிட்டு, திருப்பி எடுக்கச் சொன்னார். போன் கார்ட் போட்டு எடுத்தோம். எல்லாருக்கும் கேட்க நான்தான் ஸ்பீக்கர் பொத்தானை அமத்தினேன். எனக்குக் கேட்கவேண்டியது ஒன்றுதான் இருந்தது.

மனுசி அழவில்லை. கடைசி நாளில் தாயும், இயக்கத்தில் இருந்து திரும்பி வந்த மகனும் ஒன்றாகத்தான் வட்டுவாகல் பாலத்தால் ஆமியின் பக்கம் வந்திருக்கிறார்கள். இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவனும் வந்து பெயர் பதியவேண்டும், விசாரித்துவிட்டு விடுவோம் என்று ஆமி அறிவித்தானாம். இவன் தானாகவே போய்ப் பதிந்திருக்கிறான்.

“பஸ்ஸிலை ஏத்தினவங்கள் பிள்ளை. நான் என்ரை கண்ணாலை கண்டனான். யன்னலுக்குள்ளாலை கையைக் காட்டினவன்,” என்றார்.

அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. தேடிக்கொண்டிருக்கிறாராம். வேறு என்னென்னவோ கதைத்தார். போனை வைக்கப் போகும்போது, ஜெனிதாவுக்குக் கேதீஸின் கையெழுத்து ஏதும் தேவையென்று அவளுடைய தாய் சொன்னதாகவும், அவன் வந்தவுடன் வைத்துத் தருவான் என்றும் சொன்னார். அந்தப் பிள்ளை எதைக் கேட்டாலும் குடுங்கோ அம்மா என்று பங்கருக்குள் இருக்கும்போதே சொல்லியிருந்தானாம்.

போன் கட்டானவுடன் நான் கேட்டுவிட்டேன். எத்தனையோ ஆயிரம் சனம் செத்த இடம். தாய் போய், மகன் ஷெல் பட்டுச் செத்துவிட்டான் என்று சொன்னால் யார் இல்லை என்று சொல்லப் போகிறார்கள்? கிராம சேவகரும் அதே முகாமுக்குள்தானே இருக்கிறார். ஒரு துண்டு எடுக்கலாம். நான் சொல்லி முடிக்க முன்னமே ஜெனிதா எழும்பிவிட்டாள்.

“அவன் உயிரோடை இருக்கிறான் அக்கா. இருக்கிற ஆளைச் செத்தவன் எண்டு எழுதினா, பிறகு வைச்சிருக்கிறவன் ஏன் காட்டுவான்?”

தம்பியும் அவள் பக்கம். வேண்டாம் அக்கா, பார்ப்போம் என்றான். என்னத்தைப் பார்க்கிறது? செப்டம்பர் கடைசியில் அவளை விமானத்தில் ஏற்றுவதைப் பார்க்கிறதா? நாற்பது வயதுவரை தனிய இருந்தவன் இனி அறுபதுவரை தனிய இருப்பதைப் பார்க்கிறதா? இரண்டும் நல்ல பிள்ளைகள், ஒன்றுக்கும் உதவாத நல்ல பிள்ளைகள் என்று ஏசிவிட்டு, சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவப் போனேன். அந்த நம்பர் ஜெனிதாவின் போனில் கிடந்தது. அவள் தம்பியோடு வெளியே போன நேரம் எழுதி எடுத்தேன்.

திங்கட்கிழமை வேலையிடத்துக் கன்ரீனுக்குப் பின்னால் நின்று கமலாதேவிக்கு எடுத்தேன். என்னை யார் என்று சொன்னேன். பிறகு கேட்டேன். அவன் பஸ்ஸில் ஏறினதை நான் கண்டனான் தங்கச்சி என்றார் மனுசி. எனக்குத் தெரியும் என்றேன். இது சும்மா கடதாசிதான் அக்கா என்றேன். கடதாசியில் கட்டினதைக் கடதாசியாலேயே அவிழ்க்கிறோம், அவன் வரும்போது வாசலில் வைத்து யாரும் நீ செத்தவன் என்று திருப்பி அனுப்பப் போவதில்லை என்றேன். ஒரு பிள்ளையின் வாழ்க்கை உங்கள் கையில் என்றேன். நான் கதைக்கத் தொடங்கினால் எதிரில் உள்ளவர் தப்ப முடியாது. அன்றைக்கு அந்த வாயை ஆண்டவர் கட்டியிருக்கலாம்.

“அவனும் அந்தப் பிள்ளைக்குக் குடுக்கச் சொன்னவன்தான்,” என்றார் மனுசி. அவ்வளவுதான்.

ஆகஸ்ட் கடைசியில் கொழும்பில் இருந்து ஒரு கடித உறை என் பெயருக்கு வந்தது. கேதீஸ்வரன். வயது இருபத்தாறு. இறந்த திகதி மே பன்னிரண்டு. காரணம், ஷெல் காயம். தகவல் கொடுத்தவர், தாய். கீழே கமலாதேவியின் கையெழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோல் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. நான் அதை மொழிபெயர்க்கக் கொடுத்து, வழக்கறிஞரிடம் சேர்த்தேன். தாய் கடைசியில் ஆளின் உடலைக் கண்டுபிடித்துவிட்டார் என்று அவரிடம் சொன்னேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்து வருத்தம் தெரிவித்தார். பிறகு அவசரமாகக் கொம்யூன் என்கிற நகரசபை அலுவலகத்தில் நாள் எடுத்துத் தந்தார். தம்பிக்கும் ஜெனிதாவுக்கும், விண்ணப்பத்தில் ஒரு கையெழுத்துக் குறைகிறது என்று மட்டும் சொன்னேன். அந்த மேசையில், அத்தனை பேருக்கு முன்னால், டெனிஷ் அதிகாரியின் முகத்தைப் பார்த்தால் அவள் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டிவிடுவாள் என்று நம்பினேன். முகாமில் மூன்று வருடம் இருந்த பிள்ளை அதிகாரிகளைக் கண்டால் தலையை ஆட்டத்தான் பழகியிருப்பாள் என்று கணக்குப் போட்டேன்.

செப்டம்பர் எட்டாம் திகதி போனோம். தம்பி காரை நிற்பாட்ட இடம் தேடிக்கொண்டிருந்தான். நாங்கள் இரண்டு பேரும் உள்ளே போனோம். ஜெனிதாவுக்கு டெனிஷ் ஓரளவு வரும் என்றாலும், பத்திரம் சம்பந்தப்பட்டதில் நான்தான் பக்கத்தில் இருந்து மொழிபெயர்ப்பேன். அதிகாரி ஒரு இளம் பெண், வயிற்றில் பிள்ளை. எங்களுக்குத் தண்ணீர் ஊற்றித் தந்தாள். கோப்பைத் திறந்து, மேலே கிளிப் போட்டிருந்த துண்டை ஜெனிதாவின் பக்கம் திருப்பி வைத்தாள். தமிழிலும் இருந்தது அது.

ஜெனிதா வாசித்தாள். ஒருமுறை வாசித்துவிட்டு, கீழே இருந்த கையெழுத்தைத் திரும்பப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

அதிகாரி மெதுவாக, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன் என்றாள். பிறகு, உங்கள் கணவர் இறந்துவிட்டார் என்பதை நீங்கள் சத்தியமாக உறுதிப்படுத்திக் கையெழுத்திட வேண்டும், இந்தத் தகவல் சரிதானா என்று கேட்டாள். நான் ஜெனிதாவின் பக்கம் திரும்பி, “ஓம் எண்டு மட்டும் சொல்லு. உன்னைக் கும்பிடுறன்,” என்றேன். நான் அதிகாரியைப் பார்த்து, ஆம், சரிதான் என்று டெனிஷில் சொன்னேன்.

அப்போது ஜெனிதா டெனிஷில், எழுத்துக் கூட்டி வாசிப்பதுபோல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். இல்லை. இது பொய். அவர் உயிரோடு இருக்கிறார். அவரை இராணுவம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனது. அவருடைய தாய் கண்டவர்.

அதிகாரி என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். பிறகு பேனையை எடுத்து எழுதத் தொடங்கினாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது கதைத்திருப்பேன். விண்ணப்பத்தை ஏற்க முடியாது என்பதையும், இதை மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டியிருக்கும் என்பதையும் விளங்கும்படி இரண்டு தரம் சொன்னாள். தம்பி அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு, மூச்சு வாங்கியபடி, இடம் கிடைத்துவிட்டது என்று உள்ளே வந்தான்.

வெளியே வந்து நான் காட்டுக் கத்தல் கத்தினேன். யாருக்காக இதெல்லாம் செய்தேன், உனக்கு அவன் யார், ஒரு தேத்தண்ணி குடித்த உறவுக்கு என் தம்பியைத் தெருவில் விடுகிறாயா என்று கேட்டேன். நடைபாதையில் போன டெனிஷ்காரர்கள் ஒதுங்கிப் போனார்கள். ஜெனிதா என்னை ஏசவில்லை.

“அந்தப் பதிவைத் திருப்பி எடுக்கச் சொல்லுங்கோ அக்கா. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்,” என்றாள்.

தம்பி அவளை முகாமுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு அப்படியே ஓகூஸுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவன் என் வீட்டுக்கு வரவில்லை. பொய்ப் பத்திரம் கொடுத்தது கேஸுக்குள்ளும் போய்விட்டது. முன்பு சொன்னதையும் இனி ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று வழக்கறிஞர் சொன்னார். செப்டம்பர் கடைசியில் மேன்முறையீடும் ரிஜெக்ட். பதினைந்து நாளில் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்த அந்தத் துண்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

தீர்ப்பு வந்த அடுத்தநாள் மத்தியானம் நான் கமலாதேவிக்கு எடுத்தேன். மூன்று வாரமாக எடுக்கப் பயந்துகொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை. இனியும் எடுக்காவிட்டால் ஜெனிதாவின் முகத்தைப் பார்க்க முடியாது. பதிவைத் திருப்பி எடுக்க வேண்டும் என்று எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே மனுசி கதைக்கத் தொடங்கிவிட்டார். என் சத்தம் கேட்டது அவருக்குச் சந்தோசமாம்.

போன கிழமை முகாமுக்கு ஆட்கள் வந்து, காணாமல் போனவர்களின் பெயரைப் பதிந்திருக்கிறார்கள். இவர் கேதீஸின் படத்தைக் கொண்டுபோய் விடியத் தொடக்கம் வரிசையில் நின்றிருக்கிறார். மேசையில் இருந்தவன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, உங்கடை மகனுக்கு மரணப் பதிவு இருக்கே அம்மா, நீங்கள்தானே கையெழுத்து வைச்சிருக்கிறியள் என்று படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டானாம். அது சும்மா எழுதினது, அவன் பஸ்ஸில் ஏறினவன் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். அடுத்த ஆளை வரச் சொல்லிவிட்டான். அதை அழிக்கலாமா என்று கிராம சேவகரிடமும் கேட்டிருக்கிறார். பொய்ச் சாட்சி சொன்னதற்கு உங்களையும் உள்ளே போடுவார்கள், வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்று அவர் சொன்னாராம்.

கன்ரீன் சுவரில் சாய்ந்துகொண்டேன். மன்னித்துக்கொள்ளுங்கோ அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த மனுசி அதற்கும் இடம் தரவில்லை.

“பரவாயில்லைத் தங்கச்சி. ஒரு பிள்ளையெண்டாலும் கரை சேரட்டும். ஜெனிதாவின்ரை கலியாணம் எப்ப?”

ஒக்ரோபர் பதினேழு, சனிக்கிழமை என்று சொன்னேன்.